ஒரு மணி நேர விருந்தாளி

வகுப்பில் எல்லோரும் அவளை ஹலோக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சலவை இயந்திரம் விற்கும் நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் காலை முதல் மாலை வரை தொலைபேசி எடுப்பது அவள் வேலை. முதல் நாள் அறிமுகத்துக்கு எழுந்து நின்றவள், பழக்க தோஷத்தில் "ஹலோ, வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று ஆரம்பித்துவிட்டாள். வகுப்பே சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

நாற்பதைத் தாண்டியபின் கல்லூரிக்கு வந்ததற்குக் காரணம் ரோஷம்தான். அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள், கையில் ஒரு பட்டம் இருந்ததால் மேற்பார்வையாளர்களாகிவிட்டார்கள். அவள் பேசுவதை ஒட்டுக்கேட்டு அவளுக்கே மதிப்பெண் போட்டார்கள். "அப்படி என்னதான் படிச்சாங்கன்னு நானும் பாத்துடறேன்" என்று வார இறுதி வகுப்பில் சேர்ந்தாள். முதல் பருவத்தில் உளவியல் அறிமுகம் ஒன்று, சமூகவியல் அறிமுகம் ஒன்று.

உளவியலில் மூளையின் பாகங்களை மனப்பாடம் செய்தாள். மணியோசை கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறும் சோதனையைப் படித்த அன்று, "ஃபோன் மணி அடிச்சா எனக்கு வாய் தானா சிரிக்குது மேடம், அதுவும் இதுதானே?" என்று கேட்டுப் பாராட்டு வாங்கினாள். ஆனால் அவளை உண்மையில் பிடித்து உலுக்கியது சமூகவியல்தான். அதை எடுத்தவருக்கு 'ஏன் சார்' என்று பட்டப்பெயர். "லிஃப்டுக்குள்ள போனா எல்லாரும் கதவைப் பாத்துத்தான் நிக்கறோம். ஏன்?" என்பார். "பஸ்ல சீட் காலியா இருக்கும்போது ஒருத்தர் வந்து நம்ம பக்கத்துல உக்காந்தா நமக்குக் கோபம் வருது. சீட்டு நம்மதில்லையே. ஏன்?"

ஹலோக்காவின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அன்று வீட்டுக்குப் போய் அவனிடம் கேட்டாள். "எப்ப கதவு திறக்கும், எப்ப தப்பிக்கலாம்னுதான். உள்ள மாட்டினவங்களைக் கேட்டுப் பாரு" என்றான். அதை அடுத்த வகுப்பில் சொன்னாள். ஏன் சார் வெகுநேரம் சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுப்பாடம் கொடுத்தார்.

"இன்னிக்கோ நாளைக்கோ, உங்க சொந்த வீட்டுல ஒரு மணி நேரம் விருந்தாளியா இருங்க. அவ்வளவுதான். மரியாதையாப் பேசணும். கேக்காம எதையும் தொடக் கூடாது. பரிமாறினாத்தான் சாப்பிடணும். எதுக்குன்னு முன்னாடி சொல்லக் கூடாது. முடிஞ்சதும் கட்டாயம் சொல்லிடணும். யாராவது வருத்தப்பட்டா அந்த நிமிஷமே நிறுத்திடணும். வீட்டுல இருக்கறவங்க என்ன பண்ணாங்கன்னு எழுதிட்டு வாங்க."

"அடி விழுந்தா சார்?" என்றான் கடைசி வரிசைக்காரன் ஒருவன்.

"அதையும் எழுதுங்க. நாம மூச்சு விடற மாதிரி நினைக்காமலே செய்யற விஷயங்கள் இருக்கே, அதெல்லாம் எழுதாத சட்டம். மீறினாத்தான் அது இருந்ததே தெரியும்."

ஹலோக்காவுக்கு இது அல்வா சாப்பிடுவது மாதிரி. மரியாதையாகப் பேசுவதுதானே அவள் பிழைப்பு? அந்தக் குரலை ஒருநாளும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வருவாள். அன்று மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் அவளைச் சேர்த்து நான்கு பேர். கணவன், உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் மகள், கணவனின் அக்கா. நாத்தனாரை அவள் அண்ணி என்று கூப்பிடுவாள். ஐம்பதைத் தாண்டிய நாத்தனார் பிறந்து வளர்ந்ததே இந்த வீட்டில்தான். கல்யாணமாகி வேறோர் ஊருக்குப் போனவர், கணவர் இறந்ததும் தம்பியோடு திரும்பி வந்து ஏழெட்டு வருஷமாகிறது. குழந்தைகள் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தார். வீட்டில் அவர் இருக்கும் இடம் தெரியாது.

சாயங்காலம் ஹலோக்கா கையில் சாவி இருந்தும் அழைப்பு மணியை அழுத்தினாள். மகள் கதவைத் திறந்தாள்.

"சாவியத் தொலைச்சிட்டியா?"

"இல்லைங்க. உள்ள வரலாமா?"

மகள் வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள், அம்மாவுக்குப் பின்னால் வேறு யாரோ வந்திருப்பதுபோல.

கூடத்தில் கணவன் பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹலோக்கா நாற்காலியின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். "வீடு ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க" என்றாள்.

கணவன் சுற்றும்முற்றும் பார்த்தான். தரையெல்லாம் திருகாணி. "சரி, எடுத்து வெச்சிடறேன்" என்றான் அவசரமாக.

"ஐயோ, பரவாயில்லைங்க. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? சிரமம் இல்லேன்னா."

அவன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "நான் எதையாவது மறந்துட்டேனா? இன்னிக்கு நம்ம கல்யாண நாளா?"

"அது போன மாசம்பா. அதையும் மறந்துட்டீங்க" என்றாள் மகள்.

"அப்ப உங்க அம்மா பிறந்த நாளா?"

ஹலோக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றாள். உள்ளே நாத்தனார் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, உள்ள வரலாமா?"

நாத்தனார் திரும்பிப் பார்த்தார்.

"ஃப்ரிட்ஜத் திறந்து கொஞ்சம் பால் எடுத்துக்கலாமா? டீ போட்டுக்கலாம்னு. உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா..."

நாத்தனாரின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. பின்னாலேயே வந்த மகள் திடீரென்று கைகொட்டிச் சிரித்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்! அம்மா, நீ அப்படியே அத்தை மாதிரியே பேசற! 'திறந்துக்கலாமா, எடுத்துக்கலாமா, உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா...' அத்தைதான் இப்படி இழுப்பாங்க. அப்பா, அம்மா அத்தையா நடிக்குது!"

கூடத்திலிருந்து கணவன் "அட, ஆமா!" என்று விட்ட நிம்மதிச் சிரிப்பு கேட்டது. புதிர் விடுபட்ட சந்தோஷம் அவனுக்கு. ஹலோக்காவும் சிரித்துவிட்டாள், மகள் அவ்வளவு அச்சாகப் பேசிக் காட்டினாள். சிரித்து முடிக்கும்போதுதான் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

நாத்தனார் அடுப்பை அணைத்தார். கையைக் கழுவித் துடைத்தார்.

"நான் அப்படியா பேசறேன்?"

மகள் கொட்டிய கையை மெல்லக் கீழே இறக்கினாள்.

"முட்டை ஆகிடுச்சு. நீங்க எல்லாம் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

ஹலோக்கா பின்னாலேயே ஓடினாள். கதவைத் தட்டி உள்ளே போய், மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுப்பாடம், விருந்தாளி, ஒரு மணி நேரம், ஏன் சார். நாத்தனார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"காலேஜ்ல இதையா சொல்லித் தர்றாங்க?"

"சத்தியமா அண்ணி. உங்களை மனசுல வெச்சு ஒண்ணும் செய்யல. எல்லாரும் செய்யற பயிற்சி."

"நீ என்னைக் குத்திக்காட்டணும்னா நேராவே சொல்லியிருக்கலாம். சின்னப் பொண்ணு முன்னாடி கூத்தாடிக் காட்டணுமா? நான் என்ன உனக்குச் சிரிப்பா இருக்கேனா?"

அவர் குரல் உயரவில்லை. ஆனால் ஹலோக்காவின் காதில் வேறொன்று போய் விழுந்தது. அண்ணி தன்னை நீ என்கிறார். கல்யாணமான புதிதில் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் இவர் "ஏய், இங்க வா, உன் புருஷனுக்கு இப்படித் துணி மடிச்சாப் பிடிக்காது" என்று அதட்டிய ஆள். திரும்பி வந்த பிறகு எப்போதோ அது 'நீங்க' ஆகிவிட்டது. தம்பி பெண்டாட்டியை, தன்னைவிடப் பத்து வயது சின்னவளை. எப்போது மாறியது? ஹலோக்காவுக்கு ஞாபகமே இல்லை. தொலைபேசியில் யாருடைய மூச்சு மாறினாலும் கண்டுபிடிக்கிற காது, இதைக் கேட்கவே இல்லை.

"மன்னிச்சிடுங்க அண்ணி" என்றாள்.

"சரி. போய்ச் சாப்பிடுங்க. ஆறிடும்" என்றார் நாத்தனார். மறுபடி 'நீங்க'.

அன்றிலிருந்து ஹலோக்காவின் கண்ணில் ஒவ்வொன்றாகப் பட ஆரம்பித்தது. குளியலறைக் கம்பியில் மூன்று துண்டுகள்தான் தொங்கின. நாலாவது துண்டு நாத்தனாரின் அறைக்குள் ஜன்னலில் காய்ந்தது. சோப்பை ஒரு டப்பாவில் வைத்துக் கொண்டுபோய், குளித்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார். செருப்பு அலமாரியில் இடமிருந்தும் அவர் செருப்பு வாசலுக்கு வெளியே சுவர் ஓரமாகக் கிடந்தது. அறையில் பீரோ இருந்தது. கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே மகளின் பழைய பாடப் புத்தகங்களும் கணவனின் உதிரிப் பாகங்களும். நாத்தனாரின் துணிகள் கட்டிலுக்கு அடியில், அவர் வந்திறங்கியபோது கொண்டுவந்த அதே பெட்டிக்குள் இருந்தன.

ஒளித்து வைத்தது எதுவுமில்லை. எல்லாம் கண்ணெதிரே கிடந்ததுதான். இத்தனை வருஷமாக அவர்கள் இதைப் பார்த்துப் பெருமை வேறு பட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் கணவன் மார்தட்டிச் சொல்வான்: "எங்க அக்கா இருக்கறதே தெரியாது. அவ்வளவு அமைதி." ஹலோக்காவும் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறாள்: "எனக்கு நாத்தனார் தொல்லையே இல்ல. குடுத்து வெச்சவ நான்."

ஞாயிற்றுக்கிழமை நிலைமை இன்னும் மோசமானது. நாத்தனார் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டால் கேலி. கேட்காமல் எடுக்கவோ மனம் வரவில்லை. ஆகவே எதையும் எடுக்கவே இல்லை. மத்தியானம் புழுங்கித் தள்ளியது. ஹலோக்கா அறையை எட்டிப் பார்த்தபோது, மின்விசிறி ஓடாமல் இருக்க, முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் போய் விசையைத் தட்டினாள். "வேணாம், எனக்கு வேர்க்கல" என்றார், நெற்றியில் வேர்வை வழிய.

நடந்ததைக் கேட்டுப் பதறிப்போன கணவன் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தான். சாயங்காலம் அக்காவைக் கூடத்தில் உட்கார வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினான்.

"அக்கா, இது உன் வீடு. நீ எதுக்கும் யாரையும் கேக்க வேண்டியதில்ல. சங்கோஜமே படாத. உன் வீடு மாதிரி நினைச்சுக்கோ."

"சரிப்பா" என்றார் அக்கா.

ஹலோக்கா அவனைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "உன் வீடு மாதிரி நினைச்சுக்கோன்னு நாம யாருக்குங்க சொல்லுவோம்?"

"யாருக்கு? வீட்டுக்கு வர்றவங்களுக்குச் சொல்..." பாதியில் நிறுத்திக்கொண்டான். அப்புறம் கை கழுவும் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் வேற எப்படிச் சொல்றது?" என்றான் கடைசியில்.

திங்கட்கிழமை அவள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அங்கே போவது அதுவே முதல் தடவை. கம்பிக் கதவுக்கு வெளியே நிற்கும்போதே உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"டேய் குண்டு, அது அவன் ஷூ! கழட்டு! கால் உன்னோடதுன்னா ஷூவும் உன்னோடதா ஆகிடுமா? நீ என்னடி அழற? மூக்கத் துடைச்சிட்டு அழு. ரெண்டும் ஒரே நேரத்துல ஒழுகினா நான் எதைப் பாக்கறது?"

யார் இந்த ராட்சசி என்று நினைத்தாள் ஹலோக்கா. எட்டிப் பார்த்தால் நாத்தனார். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. காப்பகத்தை நடத்தும் பெண் ஒரு மேசையைத் தள்ளிக்கொண்டு வந்து, "பெரியம்மா, இதை ஜன்னல்கிட்ட போடலாமா?" என்று கேட்டாள்.

"அங்க வேணாம். பத்து மணிக்கு மேல வெயில் மூஞ்சியில அடிக்கும். இப்படித் தள்ளு. இன்னும். இன்னும் கொஞ்சம். கையில தெம்பில்லையா உனக்கு?"

ஹலோக்கா கொஞ்சநேரம் கதவுக்கு வெளியிலேயே நின்றாள். ஒரே ஆள் இடத்துக்கு ஏற்றபடி வேறு வேறு ஆளாக நடப்பதைப் பற்றி ஏன் சார் இரண்டு வாரம் பாடம் எடுத்திருந்தார். அப்போது தன்னையே உதாரணமாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவள் அவள்.

அவளைப் பார்த்ததும் நாத்தனாரின் தோள் இறங்கியது. "வீட்டுல ஏதாவது...?"

"ஒண்ணுமில்ல அண்ணி. உங்களைப் பாக்கத்தான்."

உட்காரக் குழந்தைகள் நாற்காலிதான் இருந்தது. இரண்டு பேரும் முழங்கால் முகவாயில் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஹலோக்கா ஏழெட்டு விதமாக யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது.

"அண்ணி, நான் எப்பவாவது உங்க மனசு நோக ஏதாவது சொல்லியிருக்கேனா? எதுல ஆரம்பிச்சது இது? ரெண்டு நாளா யோசிக்கறேன், பிடிபட மாட்டேங்குது."

நாத்தனார் ஒரு சின்னச் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். வீட்டிலிருந்து தூரம் வந்ததாலோ, நாற்காலி அவ்வளவு சின்னதாக இருந்ததாலோ, அவருக்கு மறுபடி 'நீ' வந்தது.

"நீ ஒண்ணும் பண்ணல. பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன்." சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். "அவர் போனப்புறம் அந்த வீட்டுல ஒரு நாள் கட்டிலை இழுத்து ஜன்னல் பக்கம் போட்டேன். காத்து வரட்டும்னு. கொழுந்தனார் வந்து பாத்தாரு. திட்டல. 'யாரைக் கேட்டு மாத்தினீங்க?'ன்னு மட்டும் கேட்டாரு. அடுத்த மாசம் வீட்டை விக்கப் போறோம்னு சொல்லிட்டாங்க. கட்டிலுக்கும் வீட்டுக்கும் சம்பந்தம் இல்லேன்னு புத்திக்குத் தெரியுது. மனசு கேக்க மாட்டேங்குது."

பாடத்தில் இதற்கு ஒரு பெயர் இருந்தது. மணியும் எச்சிலும். ஹலோக்கா அதைச் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"தம்பி வந்து கூட்டிட்டு வந்தான். வர்ற வழியிலயே முடிவு பண்ணிட்டேன், இங்க ஒரு ஸ்பூனைக்கூட நகர்த்தக் கூடாதுன்னு. விருந்தாளிய யாரும் வெளிய போன்னு சொல்றதில்ல பாரு."

"விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்வாங்களே அண்ணி."

"அதான். மூணாவது நாள் வராமலே பாத்துக்கிட்டேன்" என்று சொல்லி நாத்தனார் சிரித்தார். ஹலோக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குண்டு என்று பெயர் வாங்கிய பையன் வந்து, "பெரியம்மா, இந்த ஆன்ட்டியையும் திட்டினீங்களா?" என்று ஆர்வமாகக் கேட்டான்.

போகும்போது ஹலோக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணி, அந்த வீட்டுப்பாடத்துல இதை எழுதட்டுமா? உங்க பேரு வராது."

"வேணாம்."

"யாருன்னே தெரியாது அண்ணி."

"பேரு வராட்டி என்ன? நான் வர்றேன்ல?"

அடுத்த வகுப்பில் எல்லோரும் தங்கள் கட்டுரைகளைப் படித்தார்கள். ஒருத்தனின் அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் மாத்திரையை வாயில் திணித்திருந்தாள். ஒரு பெண்ணின் அப்பா, மகள் யாரையோ கல்யாணம் செய்துகொள்ளத்தான் இப்படி மரியாதை காட்டுகிறாள் என்று முடிவுகட்டி, "பையன் என்ன வேலை பாக்கறான்?" என்று கேட்டுவிட்டார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஹலோக்காவின் முறை வந்தபோது அவள் அரைப் பக்கம் படித்தாள். கணவர் கல்யாண நாளோ என்று பயந்தார். மகள் கேலி செய்தாள். முடிந்தது.

மதிப்பெண் குறைந்தது. வகுப்பு முடிந்ததும் ஏன் சார் அவளை நிறுத்தினார். "இந்த வகுப்புலயே நல்லாக் கவனிக்கறவங்க நீங்கதான். அரைப் பக்கத்தோட நிறுத்திட்டீங்க. ஏன்?"

"இன்னொண்ணு நடந்தது சார். அது என்னோடது இல்ல. அதனால எழுதல."

வழக்கமாக அதற்கும் ஒரு ஏன் வரும். வரவில்லை. அவர் காத்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன் சார். சில வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் விருந்தாளியா இருப்பாங்க. அங்க போய் நாம நடிச்சுக் காட்டினா, அது அவங்களை மாதிரி நடிக்கறதா ஆகிடும்."

ஏன் சார் கரும்பலகையைத் துடைக்க எடுத்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "வருஷா வருஷம் இதைக் குடுக்கறேன்" என்றார் மெதுவாக. "யாராவது வருத்தப்பட்டா நிறுத்திடுங்கன்னு சொல்லித்தான் குடுக்கறேன். வருத்தத்தை வெளிய காட்டாம இருக்கப் பழகினவங்களா இருந்தா, எப்ப நிறுத்தறதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியல. யோசிக்கணும்." மதிப்பெண்ணை அவர் மாற்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

வீட்டில் வாழ்க்கை பழைய தடத்துக்கே திரும்பியது. நாத்தனார் மறுபடி "ஃபேன் போட்டுக்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார். ஹலோக்காவும் மறுபடி 'நீங்க' ஆனாள். கேட்பதாவது திரும்பி வந்ததே என்று அவளுக்கு ஒரு பக்கம் ஆறுதல், இன்னொரு பக்கம் சங்கடம். பீரோவைக் காலிசெய்து கொடுத்தாள். அது காலியாகவே இருந்தது. புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது, என்ன செய்வது என்பது மட்டும் எந்த அத்தியாயத்திலும் இல்லை.

அப்புறம்தான் முடிப் பிரச்சினை வந்தது.

மகள் பள்ளியில் நீச்சல் அணியில் சேர்ந்திருந்தாள். இடுப்புவரை தொங்கும் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். ஹலோக்கா ஒரே வார்த்தையில் முடியாது என்றாள். ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம் முற்றியது. மகள் அழுதாள். கணவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"வெட்டிக்கட்டுமே" என்று ஒரு குரல் கேட்டது.

பேசியது நாத்தனார். ஹலோக்கா நாள் முழுக்க யாரார் புகாரையோ கேட்டுக் களைத்திருந்தாள். யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "நீங்க இதுல தலையிடாதீங்க அண்ணி."

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணவனின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. நாத்தனார் தன் தட்டைப் பார்த்தார். எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"தலைமுடி விஷயத்துல தலையிடாம, காலையா இடுவாங்க?" என்றார் நாத்தனார்.

மகளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு பீறிட்டுப் புரையேறியது. நாத்தனார் சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது.

"இதே ஹால்ல எங்க அம்மா என்னை உக்கார வெச்சு இழுத்து இழுத்துப் பின்னுவாங்க. வலிக்குதுன்னு கத்துவேன். 'பொம்பளப் பிள்ளைக்கு முடிதான் அழகு'ன்னு சொல்லிட்டு இன்னும் இறுக்குவாங்க. இந்த வீட்டுல ஒருத்தி அழுதது போதும். உனக்கு அவ முடி வேணும்னா உன் தலையில வளத்துக்கோ."

"என் பொண்ணு அண்ணி அவ!"

"எனக்கு மட்டும் யாராம்?"

சண்டை வலுத்தது. பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது. துணி மடிப்பது, குழந்தைக்குச் செல்லம் கொடுப்பது, யார் யாரிடம் எப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பது. கடைசியில் நாத்தனார் தன் அறைக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது.

மறுநாள் பள்ளி விட்டதும், யாரையும் கேட்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு போய் முடியை வெட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஹலோக்காவுக்கு வந்தது சுத்தமான கோபம். இதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என அவளுக்குள் படித்தவள் ஒருத்தி சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவளையும் வாயை மூடச் சொன்னாள். மகளின் கழுத்து வெள்ளையாக, குழந்தைக் கழுத்து மாதிரித் தெரிந்தது. ஹலோக்கா குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். நாத்தனாரோடு பேசுவதை நிறுத்தினாள். நாத்தனாரும் அவளோடு பேசுவதை நிறுத்தினார். இரண்டு பேரும் ஒரே சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரங்களை நங் நங்கென்று வைத்தார்கள்.

கணவன் இரண்டு பக்கமும் போய்க் கெஞ்சிப் பார்த்தான். "முன்னாடி இந்த வீடு எவ்வளவு அமைதியா இருந்தது!" என்று புலம்பினான். அப்புறம் தான் சொன்னது தனக்கே என்னவோ போலிருக்க, மின்விசிறியைப் பிரிக்கப் போய்விட்டான்.

அந்த வாரக் கடைசியில் மூன்று பெண்களும் கூடத்தில் இருந்தார்கள். ஹலோக்கா தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார், சத்தத்தைக் கூட்டி வைத்து. மகள் நடுவில் உட்கார்ந்து நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க அம்மாகிட்ட சொல்லு" என்றார் நாத்தனார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாளைக்குச் சமையல் ரூம் மேல் அலமாரியை நான் மாத்தப் போறேன். ஒண்ணும் எட்ட மாட்டேங்குது."

"அம்மா, அத்தை மேல் அலமாரியை மாத்தப் போறாங்களாம்" என்றாள் மகள்.

ஹலோக்கா ஒரு பக்கத்தைத் திருப்பினாள். "மாத்தட்டும். உப்பை மட்டும் கைக்கெட்டற இடத்துல வைக்கச் சொல்லு."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்னு சொல்லு."

மகள் இந்தத் தடவை எதையும் சொல்லவில்லை. நகவெட்டியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஹலோக்கா அவசரமாக டீ போட வந்தாள். சர்க்கரை இருந்த இடத்தில் பருப்பு இருந்தது. பருப்பு இருந்த இடத்தில் டப்பாவே இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மனசுக்குள் நாத்தனாரை வண்டி வண்டியாகத் திட்டினாள். அறைக் கதவைப் பார்த்தாள். போய்க் கேட்டால் தான் முதலில் பேசியதாக ஆகிவிடும். நேரமாகிவிட்டது. சர்க்கரையில்லாத டீயை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிட்டு வேலைக்கு ஓடினாள்.